ஏழு கேள்விக்குறிகள்

அத்தியாயம் ஆறு

"அடுத்த ஃபொண்டைப் போடு" என்றார் கமலாசனி அக்கா.

போட்டேன். திரையில் ஏழு கேள்விக்குறிகள். இதற்கு முன்பு போட்ட எழுத்துருவிலும் அதே ஏழு கேள்விக்குறிகள்தான். இவை கொஞ்சம் தடிப்பாக இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இது வடிவா இருக்கக்கா. கலியாணக் கார்டுக்குப் போடலாம்."

"றிஸ்வி, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்."

வாயையும் மூடிவிட்டால் மூச்சு எந்தப் பக்கத்தால் விடுவது? நாங்கள் இருந்தது ஓர் இரும்புக் கொண்டெய்னருக்குள். கப்பலில் சாமான் வருமே, அந்தப் பெட்டி. உருத்திரபுரத்துச் சிறுவர் இல்லம் அதைத் தன் கந்தோர் ஆக்கி, உள்ளே ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு கொம்பியூட்டர், ஒரு காற்றாடி வைத்திருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு கதவு. ஜெனரேற்றர் வயர் வருவதற்காகச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. செப்டெம்பர் மாத வெயிலில் பாண் சுடுவதற்கு அதைவிட நல்ல இடம் கிளிநொச்சி மாவட்டத்திலேயே கிடைக்காது.

கமலாசனி அக்காவுக்கு வேர்க்கவில்லை. அவருக்கு வேர்த்து நான் பார்த்ததே இல்லை. முப்பது வருடம் தபால் கந்தோரில் தந்தி அனுப்பியவர். ஓய்வு பெற்ற பிறகு ஊராரின் காணாமல் போன சங்கதிகளைத் தேடிக் கொடுக்கிறார். மாடு தேடியிருக்கிறார், மாப்பிள்ளை தேடியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில் அகப்பட்ட கதை வேறு. நான் அவருடைய மோட்டார் சைக்கிள் சாரதி, எடுபிடி, கொம்பியூட்டர் நிபுணர். கடைசிப் பட்டத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். கிளிநொச்சியில் அழைப்பிதழ் அடிக்கும் கடை வைத்திருப்பவனுக்கு அந்த உரிமை கூட இல்லையா?

இந்தத் தடவை எங்களைத் தேடி வந்தவள் மீனம்மா. மலைநாட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்து முரசுமோட்டை வயல்களில் கூலி வேலை செய்யும் குடும்பம். போன மார்கழியில் கருவாடு காயவைக்கும் வேலைக்காக மகளோடு முல்லைத்தீவுக் கரைக்குப் போனவளைச் சுனாமிக் கடல் அடித்தது. இடுப்பு உடைந்து வவுனியா ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்தாள். எழுந்து நடந்த அன்றே மகளைத் தேடத் தொடங்கினாள். மூன்று வயதுப் பிள்ளை, நிசாந்தினி. யாரோ ஒரு மீன் வியாபாரி பிள்ளையைத் தூக்கி வந்து, தாயின் பெயரையும் சொல்லி, இந்த இல்லத்தில் ஒப்படைத்ததாகத் தெரியவந்தது. அந்த மனுசன் பிறகு எந்தப் பக்கம் போனான் என்று ஒருவருக்கும் தெரியாது.

இல்லத்தின் வாசல் படலையில் மீனம்மாவைத் தடுத்துவிட்டார்கள். முன்பு ஒரு பையனுக்காக இரண்டு பெண்கள் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்ட பிறகு, பதிவில் பெயர் இல்லாத எவருக்கும் பிள்ளைகளைக் காட்டுவதில்லை என்று அங்கே சட்டம். சரி, பதிவைக் காட்டுங்கள் என்றால் ஆங்கிலத் தலைப்புகளோடு ஒரு கடதாசியை அச்சடித்து நீட்டினார்கள். பெண் பிள்ளை, மூன்று வயது. தாயின் பெயர்: ???????

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு வான் புறப்படவிருந்தது. யாரும் உரிமை கோராத நான்கு பெண் பிள்ளைகள் அதில் போகிறார்கள். ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வவுனியாவில், பிள்ளை கேட்டு எழுதிக் கொடுத்தவர்களுக்கு அடுத்த நாளே சட்டப்படி ஒப்படைப்பு. அதற்குப் பிறகு மீனம்மா எந்தப் படலையில் நின்று அழுதாலும் பலன் இல்லை. அவள் அப்போது வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லா ஃபொண்டும் முடிஞ்சுதக்கா" என்றேன். "சீடியில இருந்த அவ்வளவும் போட்டுப் பாத்திட்டன்."

"ஏன் ஃபொண்டையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

நல்ல கேள்வி. ஏனென்றால் அந்தக் காலத்தில் வன்னி முழுக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். பாமினி ஃபொண்டில் அடித்தால் கொம்பியூட்டருக்குள் கிடப்பது உண்மையில் ஆங்கில எழுத்து. மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும், அவ்வளவே. வேறு இயந்திரத்தில் திறந்தால் சட்டை கழன்று கண்டபடி ஆங்கிலம் தெரியும். மறுபடி பாமினியைப் போட்டுவிட்டால் தமிழ் வந்துவிடும். ஆகவே தமிழ் கோணினால் ஃபொண்டை மாற்று. எல்லோரும் அப்படித்தான் செய்தோம், இந்த இல்லத்துக்காரரும் அப்படித்தான் ஆனி மாதத்திலிருந்து செய்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவர்களுக்குப் புதுக் கொம்பியூட்டர் வந்தது. வந்த நாள் தொடக்கம் தமிழில் இருந்த எல்லாமே கேள்விக்குறியாக அச்சாகின. பதிவாளர் வீரகத்தி சகல ஃபொண்டையும் போட்டுப் பார்த்துக் களைத்து, "தமிழ் அழிஞ்சு போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். கையால் எழுதிய மூலப் பதிவுகளோ கொழும்புக்குப் போய் எந்த அலுமாரிக்குள் கிடக்கின்றனவோ.

"ஆனா இது பாமினியில அடிச்சதில்லையக்கா. கொழும்பில இருந்து வந்த புதுப் புரோகிராம். யூனிகோடாம். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி நம்பராம்."

"நம்பரோ?"

"ஓம். அது பெரிய கதை, விடுங்கோ."

அக்கா விடவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயரெல்லாம் எங்க இருக்கு? இந்தத் திரையிலயோ?"

"இல்லை. டேற்றாபேஸ் எண்டு ஒண்டு இருக்கு, களஞ்சியம் மாதிரி. இந்தப் புரோகிராம் போய்க் கேக்கும், அது எடுத்துக் குடுக்கும்."

"அப்ப களஞ்சியத்துக்குள்ளயும் கேள்விக்குறியோ, இல்லாட்டி வாற வழியில கேள்விக்குறி ஆகுதோ?"

"அதை எப்பிடியக்கா பாக்கிறது? பாக்கிறதெண்டாலும் அதே வழியாலதானே வெளியில வரவேணும்."

"நீ பாக்க வேண்டாம். அந்த நாலு பிள்ளையளையும் தாய்மாரின்ரை பெயர் வரிசைப்படி அடுக்கித் தரச் சொல்லு."

"எல்லாருமே கேள்விக்குறியம்மாதானே. என்னத்தை அடுக்கிறது?"

"சொன்னதைச் செய்யடா."

செய்தேன். நான்கு வரிகளும் இடம் மாறி நின்றன. முதலாவதில் ஏழு கேள்விக்குறிகள். அடுத்ததில் பத்து. அதற்கடுத்து இன்னொரு ஏழு. கடைசியில் நான்கே நான்கு.

அக்கா மேசையில் ஓங்கித் தட்டினார். "பாத்தியோ! உள்ளுக்கும் வெறும் கேள்விக்குறி எண்டால் குட்டையானது முன்னுக்கும் நெட்டையானது பின்னுக்கும் வரவேணும். ஏழும் ஏழும் பக்கத்தில பக்கத்தில நிக்கவேணும். இவன் நெட்டையை இடையில விட்டு, குட்டையைக் கடைசியில நிப்பாட்டியிருக்கிறான். எதை வைச்சு அடுக்கினவன்?"

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "பெயரை வைச்சு!"

"பின்னை?"

"யா அல்லாஹ்! பெயர் அழியேல்லையக்கா! உள்ளுக்க அப்பிடியே இருக்கு!" என்று நான் கத்திய கத்தல் உருத்திரபுரம் குளக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கக் கூடாத ஒருவருக்கும் கேட்டுவிட்டது.

கதவு டமார் என்று சாத்திக்கொண்டது.

காற்று என்றுதான் நினைத்தேன். காற்றுக்கு ஆமைப்பூட்டுப் பூட்டத் தெரியாதே! இரும்பில் இரும்பு உரசி 'கிளிக்' என்றது. நான் பாய்ந்து போய்த் தள்ளினேன். அசையவில்லை. அடுத்ததாக வெளியே ஜெனரேற்றர் இருமி இருமி நின்றது. காற்றாடி சுற்றுவதை விட்டது. திரை மட்டும் எரிந்தது, மேசைக்குக் கீழே இருந்த யூபிஎஸ் பெட்டியின் புண்ணியத்தில். அது 'பீப்' என்று எங்களுக்கு நேரத்தை நினைவூட்டத் தொடங்கியது.

"டேய் வீரகத்தி! திறவடா!" கதவில் குத்தினேன். கை வெந்ததுதான் மிச்சம். "அவன்தானக்கா. தமிழ் அழிஞ்சு போச்செண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சவன் அவன்தானே. வான் ஓமந்தை தாண்டும் மட்டும் எங்களை இதுக்குள்ள வைச்சு அவிக்கப் போறான்."

"கத்தாதை. இருக்கிற காத்தை ரெண்டு பேரும் பங்கு போடவேணும்."

"நீங்க எப்பிடியக்கா இவ்வளவு ஆறுதலா இருக்கிறீங்கள்? எனக்குச் சாகப் பயமா இருக்கு!"

"எனக்கும் பயம்தான். அந்தப் பெட்டி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"பத்து நிமிசம் நிண்டால் பெரிய காரியம்."

"அப்ப பத்து நிமிசம் வேலை இருக்கு. இரு கதிரையில."

இருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தொலைவில் வானின் கதவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"தந்திக் கம்பி பழுதாகிற நாளில எழுத்தெல்லாம் குழம்பும்" என்றார் அக்கா. "அப்ப நாங்கள் எண்ணாத்தான் அனுப்புவம். மற்றப் பக்கத்தில இருக்கிறவன் எண்ணைப் பாத்து எழுத்தைப் பிடிப்பான். இந்த வழி தமிழைத்தானே திண்டுபோடுது? எண்ணைத் தின்னுதோ?"

திரையைப் பார்த்தேன். பிள்ளைகளின் வயது, பதிவிலக்கம் எல்லாம் பத்திரமாக இருந்தன. "இல்லை."

"ஒவ்வொரு எழுத்துக்கும் தனி நம்பர் எண்டு நீதானே சொன்னனி? களஞ்சியக்காரனிட்ட சொல்லு, பெயரைத் தர வேண்டாம், அதின்ரை நம்பரைத் தா எண்டு."

அக்காவுக்கு ஒரு பாராட்டு விழாவே வைத்திருப்பேன், ஆனால் யூபிஎஸ் அவசரப்பட்டது. விரல் வழுக்க வழுக்க அடித்தேன். முதல் தரம் பிழை. இரண்டாம் தரமும் பிழை. மூன்றாம் தரம், ஏழு கேள்விக்குறிகள் இருந்த முதல் வரிக்குப் பதிலாகத் திரையில் ஏழு எண்கள் வந்து நின்றன.

2965 2990 2994 2990 3021 2990 3006

"வந்திட்டுது! ஆனா எந்த நம்பர் எந்த எழுத்தெண்டு எனக்குத் தெரியாதேயக்கா. அந்த அட்டவணை கடையில கிடக்கு."

"அட்டவணை வேண்டாம். மீனம்மாவின்ரை பெயரில 'ம' எத்தினை தரம் வருது? ஒண்டு, மீக்குள்ள. பிறகு ம், பிறகு மா."

"மீயின்ரை விசிறி, ம்மின்ரை புள்ளி, மாவின்ரை அரவு எல்லாத்தையும் இது தனித்தனியாத்தான் எண்ணும்" என்றேன். "அப்ப ம, அதுக்கு விசிறி, ன, ம, புள்ளி, ம, அரவு. ஏழு! முதலாவது, நாலாவது, ஆறாவது மூண்டும் ஒரே எண்ணா இருக்க வேணும்."

திரையைப் பார்த்துத் துள்ளினேன். "இருக்கக்கா! 2990 மூண்டு தரம் வருது!"

"அவசரக்குடுக்கை. எத்தினையாவது இடத்தில?"

இரண்டாவது, நாலாவது, ஆறாவது. முதலாவது வேறு. இது வேறு யாரோ ஒருத்தி. கடைசியில் 'ம்மா' என்று முடிகிற வேறொரு தாய். கமலம்மாவாக இருக்கலாம். அவளும் எங்கேயோ ஒரு படலையில் நிற்கிறாளோ என்னவோ.

"மற்ற ஏழு" என்றார் அக்கா. அவருடைய நெற்றியில் ஒரு வேர்வைத்துளி. அதைக் கண்டபோதுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது.

யூபிஎஸ் இப்போது இடைவிடாமல் கத்தியது. மூன்றாவது வரியைக் கேட்டேன்.

2990 3008 2985 2990 3021 2990 3006

இரண்டு பேரும் ஒன்றாக விரல் வைத்து எண்ணினோம். முதலாவது. நாலாவது. ஆறாவது.

"மீனம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. என்ன வெட்கம் அதில்? சின்ன வயதில், எங்கள் ஆக்களை ஊரைவிட்டு வெளியேற்றிய நாளில், முல்லைத்தீவிலிருந்து புத்தளத்துக்குப் போன லொறியில் என் உம்மாவின் முந்தானையை விட்டிருந்தால் நானும் எங்கேயோ ஒரு பதிவில் ஒரு வரிதானே. "அக்கா, மீனம்மா இருக்கிறா!"

"பதிவிலக்கத்தை மனசில வை" என்று அக்கா சொல்லி முடிக்கவும் திரை அணையவும் சரியாக இருந்தது.

கும்மிருட்டு. வயர் ஓட்டை வழியாக மட்டும் ஒரு கீற்று வெளிச்சம். அதுவும் திடீரென்று மறைந்தது. ஓட்டைக்கு வெளியே ஒரு சின்னக் கண்.

"அம்மா, இஞ்ச ஆரோ இருக்கினம்" என்றது ஒரு பிள்ளையின் குரல்.

"உஸ்! இஞ்சால வாடி செல்லம்." பெண் குரல். கதவுக்கு மிகக் கிட்டத்தில்.

கமலாசனி அக்காவின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. "இந்த இல்லத்துப் பிள்ளையள் பெரியாக்களை என்னெண்டு கூப்பிடுறவை?" என்று காதுக்குள் கேட்டார்.

"ரீச்சர் எண்டு. விமலா ரீச்சர் எண்டுதானே காலமை எல்லாம் கத்திக்கொண்டு திரிஞ்சதுகள்."

"இந்தப் பிள்ளை?"

அம்மா என்றல்லவா கூப்பிட்டது! வீரகத்தி, நான் உன்னைத் திட்டியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா ஓட்டைக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். "விமலேஸ்வரி ரீச்சர்" என்றார் மெதுவாக. காலையில் எங்களுக்குக் கந்தோரைத் திறந்துவிட்டு, தேசிக்காய்த் தண்ணீரும் தந்த, பிள்ளைகள் விமலா என்று கூப்பிடும் இல்லப் பொறுப்பாளர் அவர். வானில் பிள்ளைகளுடன் வவுனியாவுக்குப் போகவிருப்பவரும் அவர்தான். "பிள்ளை கேட்டு எழுதிக் குடுத்த ஆக்களுக்குள்ள உங்கடை பெயரும் இருக்குது, என்ன?"

வெளியே அழுகிற மூச்சு கேட்டது.

"கடல் என்ரை ரெண்டு பிள்ளையளையும் கொண்டு போச்சுது அக்கா. இது வந்த நாள் இராவு என்ரை மடியிலதான் நித்திரை கொண்டது. தாயின்ரை பெயர் அழிஞ்சு போச்செண்டு அவைதான் சொன்னவை. நான் அழிக்கேல்லை. சத்தியமா நான் ஒண்டையும் அழிக்கேல்லை."

"தெரியும்."

"படலையில அந்த மனுசி நிக்கேக்குள்ள எல்லாம், இவ பிள்ளையின்ரை தாயா இருக்கக் கூடாது, கடவுளே, இருக்கக் கூடாது எண்டு கும்பிட்டன். இப்ப அந்தத் தம்பி பெயர் இருக்குதெண்டு கத்தினதைக் கேட்டன். என்ன செய்யிறனெண்டு தெரியாமல் பூட்டிப்போட்டன். அக்கா, வான் போகட்டும். ஒரு மணித்தியாலம். நான் கெஞ்சிக் கேக்கிறன்."

"போகலாம். எங்களால இதுக்குள்ள இருந்து ஒண்டும் செய்ய ஏலாது" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். "ஆனா மீனம்மா எண்ட பெயர் அந்தப் பெட்டிக்குள்ள அப்பிடியே கிடக்கும் ரீச்சர். கேக்கத் தெரிஞ்ச ஒருத்தன் எண்டைக்காவது கேப்பான். பிறகு படலையில நாய் குலைச்சாலும் நீங்க நடுங்கவேணும். தபால்காரன் மணி அடிச்சாலும் நடுங்கவேணும். பிள்ளை பள்ளிக்கூடத்தால வரப் பிந்தினாலும் நடுங்கவேணும். அப்பிடிச் சீவிக்க உங்களால ஏலுமோ?"

வெளியே பிள்ளை கேட்டது: "ஏனம்மா அழுறீங்கள்?"

திறப்பு இரண்டு தரம் பூட்டில் மோதி விலகியது. மூன்றாம் தரம் திறந்தது.

வெளிச்சத்தில் கண் கூசியது. விமலேஸ்வரி எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் ஓடிப்போய் ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்துக் கிளப்பினேன். வழியில்தான் பழுது என்று தெரிந்த பிறகு பழுதைப் பிடிக்க எவ்வளவு நேரம்? புரோகிராமும் டேற்றாபேஸும் ஒன்றோடொன்று எந்த எழுத்து முறையில் கதைக்க வேண்டும் என்று சொல்லும் வரி ஒன்று இருந்தது. அதில் ஒரேயொரு சொல்லை மாற்றினேன். அச்சு இயந்திரம் கடகடத்து நான்கு தாய்மாரின் பெயர்களையும் நல்ல தமிழில் துப்பியது. அதைப் பார்த்த வீரகத்தி, இது என்ன ஃபொண்ட் தம்பி என்று கேட்டார். அவரை நான் கட்டிப்பிடித்தேன், குற்ற உணர்ச்சியில்.

கடதாசியோடு படலைக்குப் போனோம். மீனம்மா அதை வாங்கிப் பார்க்கவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, அதோடு அவளுடைய கண் வேறெங்கோ நின்றது. விமலேஸ்வரியின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிசாம்மா" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

பிள்ளை வீரிட்டுக் கத்திக்கொண்டு விமலேஸ்வரியின் கழுத்தைக் கட்டிப்பிடித்தது. "அம்மா! அம்மா! இவவிட்டக் குடுக்க வேண்டாம்!"

நீட்டிய கைகள் அப்படியே கீழே விழுந்தன. நாங்கள் தோற்றுவிட்டோம் என்று ஒரு கணம் நினைத்தேன். கமலாசனி அக்கா கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மீனம்மா அந்தப் புழுதியில் மெல்ல உட்கார்ந்தாள், உடைந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "நீங்களே வச்சிருங்க டீச்சர்" என்றாள். "புள்ள பயப்படுதுங்க." பிள்ளையைப் பார்த்தபடியே கேட்டாள்: "ராவுல இன்னமும் போர்வைய ஒதைச்சித் தள்ளுறாளா?"

"ஓம்" என்றார் விமலேஸ்வரி. "நாலைஞ்சு தரம் எழும்பிப் போத்திவிடுவன்."

"நானும் அப்படித்தாங்க, கண்ணு முழிச்சிக் கெடப்பேன். பால்ல சீனி கூடப் போடாட்டி குடிக்க மாட்டாளே?"

"இப்பவும் அப்பிடித்தான்."

விமலேஸ்வரியும் அவளுக்கு எதிரே புழுதியில் உட்கார்ந்தார். பிள்ளை அவருடைய தோளில் முகத்தைப் புதைத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் திருப்பி, அழாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் புது மனுசியைப் பார்த்தது.

"இவ ஆரம்மா?"

விமலேஸ்வரி பிள்ளையின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டார். ஒதுக்கிய மயிரையே மறுபடியும் ஒதுக்கினார்.

"இவதான் உன்ரை அம்மா" என்றார். "நான் ரீச்சர். எங்கே, சொல்லு பாப்பம். ரீச்சர்."